கெணத்துல ஊத்து கீதா பேராண்டி?

வாடா பேராண்டி, திண்ணையில குந்து. இன்னா அது மார்ல அணச்சிக்கினு, கொயந்தயத் தூக்கியாற மாதிரி? ஓ, பொட்டியா! மெட்ராஸ்ல ஏதோ ஒரு ஆபீஸ்ல கணக்கு எழுதிட்டு ரிட்டயர் ஆன கம்பெனிப் பொட்டி. உங்கப்பன் அரை வெலைக்கு வாங்கியாந்து மாலை போட்டு குங்குமம் வெச்சது. இப்ப அதுக்கு நீ கல்யாணம் பண்ணப் பாக்கற.

இன்னா சீட்டு அது? குடு, படிக்கறன். கிராபிக்ஸ் கார்டு, ரெண்டு ஃபேன் வெச்சது. கலர் கலரா எரியற ராம். கண்ணாடிப் பொட்டி. ஏண்டா, நீ படிப்புக்கு வீடியோ வெட்டி ஒட்டணும்னியா, இல்ல அதுக்குள்ள கரகாட்டம் வெக்கப் போறியா?

கோச்சிக்காத. ஒரு கதை சொல்றன், கேட்டுட்டு அப்பால துட்ட எடு. எங்கப்பன் காலத்துல நம்ம கழனிக்குக் கவலை எறப்பு. நான் தலையெடுத்ததும் மூணு ஹெச்.பி. மோட்டாரு வெச்சேன். தண்ணி மூணு மணி நேரம் ஓடும், நெல்லு வெளஞ்சிது, சோறு துன்னோம். பக்கத்துக் கழனிக்காரன் ஏழரை ஹெச்.பி. எறக்குனான். எனக்குத் தூக்கம் போச்சி. உங்க பாட்டி தோட்ட அடகு வெச்சி நானும் ஏழரை எறக்குனேன். ஏழரை ஹெச்.பி.யோட ஏழரையும் கூடவே வந்திச்சி. முக்கா மணி நேரத்துல கெணறு காஞ்சி, மோட்டாரு காத்த உறிஞ்சி, காயில் கருகிச்சி. திருக்கழுக்குன்றத்துல நாப்பது வருஷம் மோட்டாருக்குக் காயில் சுத்துனவன் ஊட்டுக் காயிலே கருகிச்சின்னு சந்தையில வெச்சி சிரிச்சானுங்க. கெணத்துல ஊத்து எத்தினின்னு பாக்காதவனுக்கு மோட்டாரு இன்னா பண்ணும்?

உன் பொட்டிக்கு ஊத்து எதுன்னு பாக்கலாம், வா. கரண்ட்டு குடு. நான் வெத்தல மடிக்கறேன், அது எழுந்துக்கட்டும்.

பாத்தியா? வெத்தல மடிச்சி, போட்டு, ஒரு தபா துப்பியும் ஆச்சி. இன்னும் அந்த ரவுண்டு சுத்திக்கினே கீது. இப்ப வந்திச்சா? கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப், மூணையும் ஒன்னா அமுக்கு. முழிக்காத. கையில பம்பு ஸ்பேனர் புடிச்சவன்தான், ஆனா என் தங்கச்சி மவன் கம்ப்யூட்டர் பழுது பாக்கற கடையில நாலு வருஷமா சாயங்காலம் குந்திக்கினு கீறன், டீக்கு டீயும் ஆச்சி, வித்தைக்கு வித்தையும் ஆச்சி. தோ பாரு, பிராசஸர் பன்னெண்டு பர்சன்ட்டுல கொறட்ட வுடுது. டிஸ்க்குன்ற எடத்துல பாரு, நூறு. நீ பிராசஸர் போதல, கார்டு போதலன்னு அழற. அவன் வேலையில்லாம குந்திக்கினு கீறான். முட்டிக்கினு நிக்கறது ஹார்டு டிஸ்க்கு.

அது உள்ள இன்னா நடக்குதுன்னு தெரியுமா? தட்டு ஒன்னு நிமிஷத்துக்கு 7,200 சுத்து சுத்துது. செகண்டுக்கு 120. அதுக்கு மேல பழைய கிராமபோன் முள்ளு மாதிரி ஒரு கை அங்கயும் இங்கயும் ஓடுது. நீளமா ஒரே படத்தக் கேட்டா செகண்டுக்கு நூறு, நூத்தம்பது எம்.பி. தரும். ஆனா விண்டோஸ் எழுந்துக்கும்போது ஆயிரம் துண்டுத் துண்டு ஃபைலு கேக்கும். அப்ப அந்தக் கை, ஊரு பூரா ஊடு ஊடா கோயில் வரி வசூல் பண்றவன் கணக்கா அலையும். எஸ்.எஸ்.டி.யில தட்டும் கெடயாது, முள்ளும் கெடயாது. சாட்டா கம்பியில போட்டாலும் 550 எம்.பி. வரைக்கும் வரும். அத விட, துண்டு துண்டா கேட்டா அலையாம குடுக்கும், அதுதான் சூட்சுமம். மொதல் துட்டு அதுக்குத்தான். பழைய டிஸ்க்கத் தூக்கி எறியாத, படம் பாட்டு போட்டு வெக்க பக்கத்துலயே மாட்டு.

இன்னா இளிக்கற? ஏற்கெனவே வாங்கிட்டியா? காட்டு.

அடப்பாவி. இது சூயிங்கம் பட்டை மாதிரி கீதே! எம்.டூ. ஃபோன்ல பாத்து, ஆஃபர்னு அமுக்கிட்ட. சரி, இத உன் பொட்டியில எங்க சொருவுவ? சுத்திச் சுத்திப் பாரு, நானும் பாக்கறன். இது நாலாம் தலைமுறை ஐ5, 2013-ல வந்த ஜாதி. அந்தக் காலத்து ஆபீஸ் பொட்டிங்கள்ல எம்.டூ பள்ளமே வெக்கல. மாட்டறதுக்கு ஒரு கார்டு விக்குது, வாஸ்தவம். ஆனா அந்தப் பழைய பயாஸ் பலதுக்கு அதுலருந்து எழுந்துக்கவே தெரியாது. கார்டு வாங்கி, அது ஒக்கலன்னு பயாஸக் கிண்டி, சுண்டக்கா கால் பணம் சுமகூலி முக்காப் பணம். வித்தவனக் கேட்டியா? "மாட்டுனா வேல செய்யும் சார்"ன்னானா? நல்லாத்தான் சொன்னான், எதுலன்னு அவன் சொல்லல, நீயும் கேக்கல.

ராமு ஒன்னும் வாங்கலியே? வாங்கிட்டியா! குடு இப்படி. சைடு மூடியக் கழட்டு. கரண்ட்டு ஒயரப் புடுங்கிட்டு, பவர் பட்டன ஒரு தபா அமுக்கு, உள்ள தேங்கி நிக்கறது போவட்டும். பொட்டி இரும்ப ஒரு தடவ தொடு, உன் ஒடம்புல கீற கரண்ட்டும் எறங்கட்டும்.

ஐயோ, பாருடா. ஃபேனு ஓரத்துல பல்லி. முழுசா, வாலோட, அப்பளமாட்டம் காஞ்சி கீது. பாவம், குளுருக்கு அடங்க வந்திச்சோ இன்னாவோ. தூசியப் பாரு, இலவம்பஞ்சு கடை. மொதல்ல பெயின்ட்டு பிரஷ் எடு. ஊதற மிஷின் வெச்சி ஊதுனா ஃபேனோட எறக்கைய ஒரு வெரலால புடிச்சிக்கோ, தறிகெட்டு சுத்தவுட்டா பேரிங்கு போயிடும். அந்த அலுமினியத்த எடுத்தா அடியில பசை, சுண்ணாம்பா உதுருதா? துணியில ஸ்பிரிட்டு தொட்டுத் தொடச்சிட்டு, புதுப் பசை பட்டாணி அளவு வெய்யி. சந்தனம் பூசற மாதிரி பூசாத. சொன்னா நம்ப மாட்ட, உன் பொட்டி கத்தற கத்தல்ல பாதி இதுலயே அடங்கும். இதுக்கு ஆன செலவு? ஒரு டீ, ஒரு வடை.

இப்ப உன் ராமு. பழச ஒருபக்கம் வெய்யி, புதுச ஒருபக்கம் வெய்யி. அடியில கீற வெட்டப் பாத்தியா? ரெண்டும் வேற வேற எடத்துல கீது. பழசு டி.டி.ஆர்.3, 240 பின்னு. நீ வாங்கியாந்தது டி.டி.ஆர்.4, 288 பின்னு. அந்த வெட்டே உன்ன மாதிரி ஆளுக்குத்தான் வெச்சான், தப்பா சொருவக் கூடாதுன்னு. நீ இருந்தா கட்டைய வெச்சித் தட்டியிருப்ப. இதத் திருப்பிக் குடுத்துட்டு, செங்கல்பட்டுலருந்து பீச் வண்டியப் புடிச்சி எழும்பூர்ல எறங்கு. ரிச்சி தெருவுல செகண்ட் ஹாண்டு டி.டி.ஆர்.3 கெடைக்கும். பழச கையில எடுத்துக்கினு போ, மாப்பிள்ள சட்ட தைக்கப் பழைய சட்டையக் குடுக்கற மாதிரி. எட்டு ஜி.பி. ஆக்கிக்கோ. வீடியோ வெட்டறன்னு சாதிச்சா பதினாறு. அதுக்கு மேல கேக்காத.

ஏன் கேக்கக் கூடாதா? இங்கதான் நீ மகாபலிபுரத்துக்கு வரணும்.

நாள் முச்சூடும் அங்க செல்ஃபி எடுக்கற. ஒன்னு பாத்தியா? பஞ்ச ரதம் ஒத்தப் பாறையில மேலருந்து கீழ செதுக்குனது. ஒரு கல்லக் கழட்டி வேற கல்ல வெக்க முடியாது. தர்மராஜா ரதத்துல மேல அத்தினி நகாசு, கீழ்த்தளம் இன்னும் முடியாமயே நிக்குது, ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கு மேல ஆச்சி. கடற்கரைக் கோயில் அப்படி இல்ல, ராஜசிம்மன் காலத்துல கல்லு கல்லா வெட்டி அடுக்கிக் கட்டுனது. இப்ப வர்ற சன்ன லேப்டாப்பு ரதம் ஜாதி, ராம வரைக்கும் போர்டுலயே ஒட்டிடறான். தனித்தனியா வாங்கிக் கோத்த கம்ப்யூட்டர் கோயில் ஜாதி. உன் கம்பெனிப் பொட்டி கீதே, அது ரெண்டுங்கெட்டான். பாத்தா கோயில் மாதிரி கல்லு கல்லா கீது. கழட்டுனா ஒவ்வொரு கல்லும் அவன் ஊட்டு அளவுக்கு வெட்டுன கல்லு. வெளிக் கல்லு ஒக்காது.

கதை உடல. உன்னுது டெல் ஆப்டிப்ளெக்ஸ், 3020, 7020, 9020-ன்னு ஆபீஸ் ஆபீஸா கெடந்த பொட்டி. நம்ம ஸ்ரீபெரும்புதூருலயே 2007-லருந்து டெல்லுக்கு ஃபேக்டரி கீது. எல்லா ஊரு போர்டுக்கும் பவர் சப்ளையிலருந்து 24 பின்னு ஒயரு போவும். இதுக்கு எட்டே பின்னு. ஆக, கடையில கீற நல்ல பவர் சப்ளைய வாங்கியாந்தா சொருவ எடமில்ல, நடுவுல மாத்தறதுக்குத் தனியா ஒரு ஒயரு வாங்கணும். சின்ன ஜாதிப் பொட்டியில வர்ற பவர் சப்ளை 255 வாட்டு. கார்டு சொருவற எடமும் பாதி ஒசரம்தான். 3020-ல ராம் பள்ளம் ரெண்டே ரெண்டு, பதினாறு ஜி.பி.க்கு மேல ஏறாது. குத்தம் சொல்லல. ஆபீஸுக்குப் பத்து வருஷம் ஓடணும்னு செஞ்சான், ஓடிச்சி. உன் கரகாட்டத்துக்கு அவன் செய்யல.

அதனால அந்த ரெண்டு ஃபேன் கார்ட மறந்துடு. அது தனியா கரண்ட்டு ஒயரு கேக்கும், மூடியும் மூடாது. மனசு ஆறலன்னா, ஒயரு கேக்காம பள்ளத்துலருந்தே 75 வாட்டுக்குள்ள உறிஞ்சற, பாதி ஒசரக் கார்டு விக்குது. ஜி.டி. 1030 முப்பது வாட்டுதான். ஜி.டி.எக்ஸ். 1650-லயும் குள்ள ரகம் கீது. வாங்கறதுக்கு முன்ன அளவு கோல எடுத்து உள்ள அள. பொண்ணு பாக்கப் போறவன் வாசப்படி ஒசரத்தப் பாக்காம பீரோவ சீர் கேட்ட கதை ஆயிடும்.

பிராசஸரா? அந்த சாக்கெட்டு 1150. நாலாம் தலைமுறைக்குள்ளயே ஐ7-4770 மாதிரி ஒன்னு செகண்ட் ஹாண்டுல கெடச்சா மாட்டலாம். ஆறாவது எட்டாவதெல்லாம் அதுல குந்தாது. அந்த வெலைக்கு வேற பொட்டியே கெடைக்குதான்னு ஒரு வார்த்தை விசாரி.

அடுத்தது, உங்க அத்தை ஊடு கொக்கிலமேடு. நீ லீவுக்கு இதத் தூக்கிக்கினு அங்க போறவன். கடல் காத்து கடற்கரைக் கோயில் கருங்கல்லயே தின்னுது. தொல்லியல் துறைக்காரங்க காயிதக் கூழப் பூசி உப்ப உறிஞ்சி எடுக்கறாங்க, சவுக்குத் தோப்பு வெச்சிக் காத்தத் தடுக்கறாங்க. கருங்கல்லுக்கே அந்த கெதின்னா உன் பொட்டியில கீற தவுட்டுத் தகரம் இன்னா ஆவும்? தோ, ஸ்க்ரூ தலையில பூத்து கீது பாரு. ராம் பல்லுல மங்கல் தட்டுதா? உன் பென்சில் டப்பாவுல ரப்பர் கீதா? மெதுவா ஒரு பக்கமா தேயி, தூள ஊதிட்டு சொருவு. "டிஸ்பிளே வரல, போர்டு போச்சி"ன்னு கடைக்கு வர்றதுல எத்தினியோ இந்த ரப்பர்லயே எழுந்துக்குது. என் தங்கச்சி மவன் மட்டும் அத கஸ்டமர் எதிர்ல பண்ண மாட்டான், உள்ள ரூம்ல போயித்தான் தேய்ப்பான். வயித்துப் பொழப்பு.

அந்த வட்டமா வெள்ளியாட்டம் கீதே, சி.ஆர். 2032. மூணு வோல்ட்டு பேட்ரி. இது செத்துட்டாத்தான் பொட்டிக்குத் தேதி மறந்து போவுது. உன் பொட்டி இன்னும் 2013-லயே கீதுன்னியே, அதுக்கு மந்திரிக்க வாணாம். இத மாத்து. பொட்டிக் கடையில கெடைக்கும்.

கடைசியா விண்டோஸ். பத்துக்கு மைக்ரோசாஃப்ட்டு 2025 அக்டோபர் 14-ஓட கைய வுட்டுடிச்சி. பதினொன்னு போடலாம்னா இன்டெல்லுல எட்டாம் தலைமுறையும் டி.பி.எம். 2.0-ம் கேக்குது. உன் பொட்டிக்கு ரெண்டும் இல்ல. குறுக்கு வழியில ஏத்தறவன் கீறான். நாளைக்கு அப்டேட்டு வராம நின்னா என் திண்ணைக்கு வராத. புதுப் பேரு வந்தா எல்லாம் மாறிடும்னு நெனைக்காத. 1997-ல நம்ம ஜில்லாவ ஒடச்சி காஞ்சிபுரம், திருவள்ளூர்னாங்க, 2019-ல திரும்ப செங்கல்பட்டுன்னாங்க. நான் குந்தியிருக்கற திண்ணை ஒரு அங்குலம் நகரல. பேசாம லினக்ஸ் போடு. சென்னை சி-டாக் செஞ்ச பாஸ் லினக்ஸ் தெரியுமா? உங்க அக்காவுக்கு ஸ்கூல்ல குடுத்த இலவச லேப்டாப்புல இருந்திச்சே, அவ அத ஒரு நாளும் தொறக்கல, அது வேற. மின்ட்டு இன்னும் சுளுவு. வீடியோ வெட்டறதுக்கும் அதுல சாமானு கீது.

இன்னா, மொகம் தொங்கிடிச்சி. கண்ணாடிப் பொட்டிதான் மனசுல கீதா? சரி, ஒன்னு பண்ணு. சாட்டா எஸ்.எஸ்.டி., செகண்ட் ஹாண்டு ராம், பசை, பேட்ரி, இந்த நாலோட நிறுத்து. மிச்ச துட்ட உங்க பாட்டிகிட்ட குடுத்து வெய்யி. என்கிட்ட குடுத்தா நான் வெத்தல வாங்கிடுவன். எட்டாம் தலைமுறைக்கு மேல ஒரு பொட்டி எந்த ஆபீஸ்லயாவது ரிட்டயர் ஆவும்போது அத எடு. நான் என் ஏழரைய வித்துட்டுத் திரும்ப மூணு ஹெச்.பி.க்கு வந்தவன். தோட்ட இன்னும் மீட்டபாடில்ல, அத உங்க பாட்டி எதிர்ல பேசாத.

அந்த சூயிங்கம் பட்டைய இப்படி மாடத்துல வெய்யி, அகல் பக்கத்துல. கடைக்காரன் திருப்பி எடுத்துக்க மாட்டானாம். எம்.டூ பள்ளம் கீற பொட்டி யார்கிட்டயாவது இருந்தா திருக்கழுக்குன்றம் வந்து எடுத்துக்கினு போங்க. பாதி வெலை. வெத்தலையும் பாக்கும் இனாம்.