இடைவேளைக்கு அப்புறம் தலைவர்

ஒரு நடிகர் அரசியலுக்கு வரப்போகிறார் என்ற சேதி முதலில் தெரிவது அவருடைய தையல்காரருக்குத்தான். பூப்போட்ட சட்டை ஆர்டர்கள் நின்றுபோய், வெள்ளைச் சட்டையை டஜன் கணக்கில் தைக்கச் சொல்லி ஆள் வரும். அடுத்தபடியாகத் தெரிந்துகொள்பவர் வசனகர்த்தா. போன படம் வரைக்கும் தங்கக் கட்டி கடத்திக்கொண்டிருந்த வில்லன் இந்தப் படத்தில் அமைச்சராகியிருப்பான். காதலியைப் பார்க்க வேண்டிய நேரத்தில் கதாநாயகன் கேமராவைப் பார்த்து விவசாயக் கடன் பற்றிப் பேசுவார். மூன்றாவது ஆள், மன்றத்துக்குப் போர்டு எழுதுகிற ஓவியர். ரசிகர் மன்றம் நற்பணி மன்றமாகும். அதை அழித்து மக்கள் இயக்கம் என்று எழுதச் சொல்வார்கள். பெயின்ட் காய்வதற்குள் கொடி வந்துவிடும். நாட்டு மக்களுக்குக் கடைசியில்தான் சொல்வார்கள். அதையும் தேதி போடாமல் சொல்வார்கள்.

தேதி விஷயத்தில் ரஜினிகாந்தை மிஞ்ச ஆளில்லை. 1996 தேர்தலில் தி.மு.க. - த.மா.கா. கூட்டணிக்கு ஆதரவாகக் குரல் கொடுத்ததிலிருந்து அவர் வருவாரா மாட்டாரா என்பது டீக்கடைகளின் நிரந்தரத் தலைப்பு. 2017 டிசம்பர் 31 அன்று, வருவது உறுதி என்றார். 2020 டிசம்பர் 29 அன்று, வரவில்லை என்றார். மூன்று வருடத்துக்கு இரண்டு நாள் குறைச்சல். அதற்குள் முதல் தலைமுறை ரசிகர்கள் பேரனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். ஆனாலும் உடம்பு ஒத்துழைக்காது என்று சொல்லிவிட்டு ஒதுங்கியதில் ஒரு நாணயம் இருந்தது. வந்து நின்றவர்களின் கதைகளைப் பார்த்தால் அது இன்னும் நன்றாகப் புரியும்.

இந்த வகைத் தலைவரைப் பற்றி அனுமந்தன்பட்டிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தேனியிலிருந்து குமுளிக்குப் போகும் சாலையில், உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருக்கிற பேரூர் அது. கம்பம் பள்ளத்தாக்குக்கு வாக்குக் கேட்டு வருகிற வேன் எதுவானாலும் அவர்கள் கண்ணில் படாமல் போகாது. அதுவுமில்லாமல், இன்றைய தேனி மாவட்டம் சினிமாக்காரர்களுக்கு ராசியான மண். 1962இல் தேனித் தொகுதியில் தி.மு.க. சார்பில் நின்று ஜெயித்தவர் எஸ்.எஸ்.ராஜேந்திரன். நடிகர் ஒருவர் தேர்தலில் வென்று சட்டமன்றத்துக்குள் போனது இந்தியாவிலேயே அதுதான் முதல் தடவை என்பார்கள். 1980இல் அவரே ஆண்டிபட்டியில் அ.தி.மு.க.வுக்காக ஜெயித்தார். 1984இல் அதே ஆண்டிபட்டியில் எம்.ஜி.ஆர். 1989இல் போடிநாயக்கனூரில் ஜெயலலிதா. 2002 இடைத்தேர்தலிலும் 2006 பொதுத்தேர்தலிலும் ஆண்டிபட்டியில் மறுபடியும் அவரே. அல்லிநகரத்து பாரதிராஜாவையும் பண்ணைப்புரத்து இளையராஜாவையும் சென்னைக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்கு இவர்களை வாங்கிக்கொண்ட மாவட்டம் இது. வரவும் செலவும் சரி.

எஸ்.எஸ்.ஆர். பக்கத்துச் சேடபட்டிக்காரர். புராணப் படங்களில் நடிப்பதில்லை என்று கொள்கை வைத்திருந்தவர். லட்சிய நடிகர் என்பது பட்டம். எம்.எல்.ஏ. ஆனபோது மார்க்கெட்டும் நன்றாக இருந்தது. அந்த 1962இல்தான் 'சாரதா' வந்து ஓடியது. தொகுதிக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி. எம்.எல்.ஏ.வைப் பார்க்கச் சென்னைக்கு பஸ் ஏற வேண்டாம், தரை டிக்கெட் எடுத்தால் போதும். ஒரே குறை, திரையில் அவர் தன் குடும்பக் கஷ்டத்துக்கே அழுதுகொண்டிருப்பார். நடுவில் புகுந்து தார் ரோடு கேட்க முடியாது.

எம்.ஜி.ஆர். ஆண்டிபட்டியில் ஜெயித்த கதை இன்னும் விசேஷம். 1984 தேர்தலின்போது அவர் நியூயார்க்கில், புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தார். தொகுதிக்கு வரவில்லை, கும்பிடவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. மருத்துவமனையில் அவர் சாப்பிடுவதையும் பத்திரிகை படிப்பதையும் படம் பிடித்து ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள், அவ்வளவுதான். 1967இலும் இதே மாதிரி. எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு பாய்ந்து, கழுத்தில் கட்டுடன் படுத்திருந்த படத்தைச் சுவரொட்டியாக ஒட்டினார்கள். பரங்கிமலைத் தொகுதி அவருடையதாயிற்று. ஆக, வாக்காளர் முகத்தை நேரில் பார்க்காமல் கட்டிலில் இருந்தபடியே இரண்டு தேர்தலை ஜெயித்தவர் அவர். அவருக்கு அப்புறம் வந்த நடிகர்கள் எல்லோரும் அவருடைய தொப்பியையும் கண்ணாடியையும் கையசைப்பையும்தான் கவனித்தார்கள்.

1989 போடித் தேர்தலை இன்றைக்கு யாராவது திரைக்கதையாக எழுதினால் நம்பும்படியாக இல்லை என்று தயாரிப்பாளர் திருப்பிக் கொடுத்துவிடுவார். எம்.ஜி.ஆர். மறைந்து கட்சி இரண்டாகப் பிளந்திருந்தது. ஜெயலலிதா அணிக்குச் சேவல் சின்னம். எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. போடியில் சேவலுக்கு ஜெயலலிதாவே நிற்க, எதிரே புறாவுக்கு நின்றவர் வெண்ணிற ஆடை நிர்மலா. இருவருமே ஸ்ரீதர் இயக்கிய 'வெண்ணிற ஆடை'யில், 1965இல், தமிழ்த் திரைக்கு அறிமுகமானவர்கள். இருபத்து நான்கு வருடம் கழித்து, ஏலக்காய் மணக்கும் ஊரில், இரண்டு பறவைகளாக எதிரெதிரே வந்து நின்றார்கள். சேவல் ஜெயித்தது, ஜெயலலிதா தமிழகத்தின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவரானார். இதற்குச் சமமான காட்சி மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2016இல்தான் நடந்தது. பத்தனாபுரம் தொகுதியில் கணேஷ்குமார், ஜெகதீஷ், பீமன் ரகு என்று மூன்று அணிக்கும் மூன்று நடிகர்கள். வாக்காளருக்கு வேறு வழியே வைக்கவில்லை.

இப்போது நம் காலத்து அண்ணனிடம் வருவோம். இவர் பெயர் எதுவாகவும் இருக்கலாம். வேனின் கூரையைத் திறந்து, இடுப்புக்கு மேல் தெரியும்படி நிற்பார். பேச்சு தொடங்குவதற்கு முன் இவர் தீர்க்க வேண்டிய முதல் சிக்கல், கூடியிருப்பவர்களை எப்படிக் கூப்பிடுவது என்பது. ரத்தத்தின் ரத்தம் என்று கூப்பிட்டு எம்.ஜி.ஆர். எப்போதோ ரத்தத்தை எடுத்துக்கொண்டுவிட்டார். என்னை வாழவைக்கும் தெய்வங்கள் என்று தெய்வத்தை ரஜினி வைத்துக்கொண்டார். உயிரே உறவே தமிழே என்று மூன்றையும் கமல் ஒரே மூச்சில் அள்ளிக்கொண்டார். நெஞ்சில் குடியிருக்கும் என்று நெஞ்சை விஜய் பட்டா போட்டுவிட்டார். புதிதாக வருகிறவருக்குக் கல்லீரல், கணையம் இரண்டும்தான் காலியாக இருக்கின்றன.

சரி, எப்படியோ கூப்பிட்டாயிற்று. கம்பம் பள்ளத்தாக்கில் அடுத்த கண்டம் ஒன்று இருக்கிறது. முல்லைப் பெரியாறு அணை. இங்கே பேச வருகிறவர் அதைக் கட்டிய பென்னிகுக் பெயரைச் சொல்லாமல் மைக்கைக் கீழே வைக்க முடியாது; வீட்டுக் கூடத்தில் அவர் படத்தை மாட்டி, பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்து, தைப்பொங்கலோடு அவருக்கும் பொங்கல் வைக்கிற ஊர்கள் இவை. லோயர் கேம்ப்பில் அவருக்கு எழுப்பிய மணிமண்டபத்தை 2013 ஜனவரியில் திறந்து வைத்தவரும், பாருங்கள், ஒரு முன்னாள் நடிகைதான். அண்ணன் கையில் உதவியாளர் எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கும். சீட்டில் இருப்பது அணையின் நீர்மட்ட எண்கள். 142 அடி என்றால், "அது 2014லயே கோர்ட்டு குடுத்ததுதானப்பா" என்று முன்வரிசை முணுமுணுக்கும். வாய் தவறி 136 என்று வந்துவிட்டால் அது கேரளத்தின் கணக்கு. வேன் சின்னமனூர் தாண்டுவது சிரமம். 152 என்று சொன்னால்தான் விசில் பறக்கும். ஆனால் அடுத்த மாதம் படம் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் வெளியாக வேண்டுமே? அதனால் அண்ணன் 152ஐ வீரமாக முழங்கிவிட்டு, "கேரளத்துச் சகோதரர்களும் நம்ம உறவுகள்தான்" என்று குரலை இறக்கி முடிப்பார். கைதட்டல் முதல் பாதிக்குத்தான்.

கூட்டம் முடிந்ததும் திராட்சைத் தோட்டம். வருடம் முழுக்கத் திராட்சை பறிக்கிற ஊருக்கு வந்துவிட்டு ஒரு குலையோடு படம் எடுக்காமல் போவதா? இந்தப் படப்பிடிப்பில் ஒரு தொல்லை. பந்தல் ஆள் உயரம்தான். ஆறடி அண்ணன் கழுத்தை மடக்கிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். இலையெல்லாம் போர்டோ கலவை அடித்து நீலம் பாரித்திருக்கும்; தையல்காரர் தைத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையில் தோளுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று நீல முத்திரை விழும். அண்ணன் கவனிக்க மாட்டார். கேமரா எங்கே என்று பார்த்து, ஒரு பன்னீர் திராட்சையைக் கிள்ளி, தலையைச் சாய்த்து, வாய்க்கு மேலே பிடிப்பார். ஓரமாக நிற்கிற தோட்டக்காரப் பெரியவர் பதறிப்போவார்.

"தம்பி, தம்பி! வாயில போட்டுறாதீங்க. நேத்துத்தான் மருந்து அடிச்சிருக்கு."

"பரவால்லய்யா, உங்க உழைப்பு..."

"உழைப்பெல்லாம் சரிதான் தம்பி. வயித்தால போகும்."

படத்தில் அந்தத் திராட்சை வாய்க்கும் கைக்கும் நடுவில் நிற்கும். மறுநாள் பேப்பரில் 'விவசாயிகளின் துயரத்தை உணர்ந்தார்' என்று போட்டிருக்கும். ஒருவகையில் உண்மை.

கட்சிக்குப் பெயர் வைப்பதிலும் ஒரு விதி உண்டு. தொண்டர் குறையக் குறையப் பெயர் நீளும். சிவாஜி கணேசன் 1988இல் தொடங்கியது தமிழக முன்னேற்ற முன்னணி. பாக்யராஜ் தொடங்கியது எம்.ஜி.ஆர். மக்கள் முன்னேற்றக் கழகம். கார்த்திக் தொடங்கியது அகில இந்திய நாடாளும் மக்கள் கட்சி, சரத்குமார் தொடங்கியது அகில இந்திய சமத்துவ மக்கள் கட்சி. இந்த 'அகில இந்திய'வின் எல்லையை அனுமந்தன்பட்டியிலிருந்தே பார்க்கலாம். கம்பம், கூடலூர் தாண்டி மலையேறினால் குமுளி. அதற்கு மேலே அண்ணனுக்கு ரசிகர் உண்டு, வாக்காளர் ஒருவர்கூடக் கிடையாது.

உண்மையில் இவர்களைக் கெடுத்தது என்.டி.ராமாராவ். 1982 மார்ச் 29இல் கட்சி தொடங்கி, 1983 ஜனவரி 9இல் முதலமைச்சராக உட்கார்ந்துவிட்டார். பத்து மாதம்கூட ஆகவில்லை. அந்தக் கணக்கை நம்பி இறங்கிய சிரஞ்சீவிக்கு 2009 ஆந்திரத் தேர்தலில் 294க்கு 18. இரண்டு வருடத்தில் கட்சியைக் காங்கிரஸில் கரைத்தார். இந்தப் பக்கம், நடிப்பில் எல்லோருக்கும் வாத்தியாரான சிவாஜி 1989இல் திருவையாற்றில் தோற்றார். கமல் 2021இல் கோவை தெற்கில் 1,728 வாக்கில் தோற்றார். அதே சமயம், ராமராஜன் 1998இல் இரட்டை இலையில் நின்று திருச்செந்தூர் எம்.பி. ஆனார், டி.ராஜேந்தர் 1996இல் உதயசூரியனில் நின்று பூங்கா நகர் எம்.எல்.ஏ. ஆனார். இரவல் சின்னம் கைகொடுத்தது; சொந்தச் சின்னம் காலை வாரியது. தனியாக நின்று ஓரளவு தாக்குப்பிடித்தவர் மதுரைக்காரரான விஜயகாந்த். 2005 செப்டம்பரில் மதுரையில் கட்சி, 2006இல் விருத்தாசலத்தில் அவர் மட்டும் வெற்றி, 2011இல் கூட்டணியில் 29 இடத்தோடு எதிர்க்கட்சித் தலைவர். அவருக்கே 2016இல் உளுந்தூர்பேட்டையில் டெபாசிட் போயிற்று.

எம்.ஜி.ஆர். உதாரணத்தைக் காட்டுகிறவர்கள் ஒரு கணக்கைச் சொல்வதில்லை. அவர் தி.மு.க.வில் சேர்ந்தது 1953. மேலவை உறுப்பினரானது 1962. சட்டமன்றம் 1967. சொந்தக் கட்சி 1972. முதலமைச்சர் 1977. இருபத்து நான்கு வருடம், அதுவும் ஊருக்கு ஊர் கிளைக் கழகமும் சுவரெழுத்தும் கொண்ட கட்சிக்குள். எஸ்.எஸ்.ஆரும் அதே கழகத்தின் மேடைகளில் வளர்ந்தவர்தான். சினிமா முகத்தை மட்டும் பார்த்துத் தமிழன் ஓட்டுப் போடுகிறான் என்று வடக்கே எழுதுகிறவர்கள் திருவையாற்றுக்கு ஒரு நடை போய்விட்டு வந்து எழுதலாம்.

இத்தனையிலும் யார் கண்ணிலும் படாத ஒருவர் உண்டு. ஒன்றியப் பொறுப்பாளர் என்று இப்போது அழைக்கப்படுகிற பழைய மன்றத் தலைவர். முதல் படத்துக்குக் கட்-அவுட் வைத்தவர், பாலூற்றியவர், அண்ணன் பிறந்தநாளுக்கு ரத்தம் கொடுத்தவர். வேன் வந்த அன்று கூட்டத்தைப் பிடித்துத் தள்ளியதில் சட்டைப் பொத்தானும் செருப்பும் போய்விட்டன. அண்ணன் அவரைப் பார்த்துக் கைகாட்டினாரா, பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியைக் காட்டினாரா என்று இன்னும் வீட்டில் வாக்குவாதம். அடுத்த பேரூராட்சித் தேர்தலில் தன் வார்டில் நிற்கிறார். மாமனார் ஓட்டுப் போடுவாரா என்பதே சந்தேகம். "மாப்ள, உங்க தலைவரு வரட்டும், போடுறேன்" என்கிறார் அவர். தலைவர் வரமாட்டார், படப்பிடிப்பு இருக்கிறது.

கட்சி தொடங்கியிருக்கிற, தொடங்கப்போகிற நடிகர்கள் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் கோட்டைக்குப் போவதும் போகாததும் உங்கள் நேரம். எந்த ஊரில் கூட்டம் போட்டாலும், மைக் செட்டுக்காரருக்கும் பந்தல்காரருக்கும் பிளக்ஸ் அடித்தவருக்கும் மறுநாளே கணக்கைத் தீர்த்துவிடுங்கள். அவர்கள் பாக்கி கேட்டு நிற்பது உங்கள் மன்றத் தலைவர் வீட்டு வாசலில். அவர் பெண்டாட்டி கழுத்தில் இப்போது மஞ்சள் கயிறு மட்டும்தான் இருக்கிறது.