ஏற்பாட்டு அண்ணன்

எந்த அலுவலகத்திலும், எந்த நண்பர் கூட்டத்திலும் ஓர் ஏற்பாட்டு அண்ணன் இருப்பார். டீக்கடையில் யாரோ ஒருவர், "எங்கயாவது மலைக்குப் போயி டென்ட் அடிச்சுத் தங்கினா நல்லா இருக்கும்ல" என்று பெருமூச்சு விடுவார். அது வெறும் பெருமூச்சு. டீயோடு சேர்ந்து உள்ளே இறங்கிவிட வேண்டியது. பக்கத்தில் அண்ணன் நின்றிருந்தால் மட்டும் அந்தப் பெருமூச்சுக்குத் தேதி குறிக்கப்பட்டுவிடும். அன்று ராத்திரி பத்து மணிக்குள் 'கொழுக்குமலை கேம்ப்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு பிறக்கும். பெருமூச்சு விட்டவர் காலையில் எழுந்து பார்த்தால், 'உணவுத் துணைப் பொறுப்பாளர்' என்று நியமனமாகியிருப்பார்.

அண்ணன் ஆர்ப்பாட்டமான ஆள் இல்லை. நாற்பதைத் தாண்டியவர். சட்டைப்பையில் ஒரு பேனா, அது எழுதாமல் போனால் என்று இன்னொரு பேனா. அலுவலகத்தில் அவர் தயாரிக்கும் அறிக்கையை மேலே இருக்கிற மூன்று பேர் திருத்துவார்கள். நாலாவது ஆள் தன் பெயரைப் போட்டு அனுப்புவார். வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பது அவரைக் கேட்டு முடிவாவதில்லை. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அவர் எழுந்தால் சரியாக அப்போதுதான் மைக் மக்கர் பண்ணும். இப்பேர்ப்பட்டவர் கையில் பதினோரு பேரும் ஒரு மலையும் கிடைத்தால் சும்மா இருப்பாரா? படை நடத்துவார்.

"ஏன் அண்ணே கொழுக்குமலை?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சொல்லிவிடுவார். தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில். ஜீப் ஏறுவதோ கேரளத்துச் சூரியநெல்லியில். கிட்டத்தட்ட 8,000 அடி உயரம். உலகத்தில் மிக உயரத்தில் இருக்கும் தேயிலைத் தோட்டங்களில் ஒன்று என்று பெயர். "கீழ தங்குறவன் சூரியோதயம் பார்க்க நாலு மணி இருட்டுல ஜீப் ஏறணும் தம்பி. நாம மேலயே தங்குறோம். டென்ட் ஜிப்பைத் திறந்தா சூரியன்." சூரியனையும் அவர்தான் ஏற்பாடு செய்திருக்கிறார் என்று கேட்பவருக்குத் தோன்றும்.

ரயில் விஷயத்தில் அண்ணனுக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. 2023 ஜூனில் சென்னை சென்ட்ரலில் இருந்து போடிநாயக்கனூர் வரைக்கும் ரயில் வந்தது, வாரத்தில் மூன்று நாள். அதில் குறையில்லை. ஆனால் 120 நாள் முன்னதாகவே முன்பதிவு செய்யலாம் என்று இருந்ததை, 2024 நவம்பரில் இருந்து 60 நாள் என்று ரயில்வே குறைத்துவிட்டது. மற்றவர்கள் அதைப் படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போனார்கள். அண்ணன் அன்று மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. திட்டம் போட்டு வாழும் ஒரு மனிதனின் ஆயுளில் பாதியை ஒரே சுற்றறிக்கையில் வெட்டினால் சோறு இறங்குமா?

அடுத்தது எக்செல் தாள். இதைப் பார்க்காதவர்கள் அண்ணனைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. பொருள், எண்ணிக்கை, எடை, பொறுப்பாளர், மாற்று, மாற்றுக்கு மாற்று என்று ஆறு பத்திகள். தீப்பெட்டி இரண்டு, மாற்று, லைட்டர், மாற்றுக்கு மாற்று, பூதக்கண்ணாடி, அடைப்புக்குறிக்குள் 'பகலில் மட்டும்'. விசில் பதினொன்று, கீழே குறிப்பு, 'தேவையின்றி ஊதக் கூடாது'. மருந்துக்குத் தனித் தாள். அதில் வயிற்றுப்போக்கே இரண்டு வரிசை பிடிக்கும்: 'லேசானது', 'மற்றது'.

அந்தத் தாளின் கடைசியில் எல்லாரும் தங்கள் ரத்த வகையை நிரப்ப வேண்டும். மூன்று பேர் நிரப்பினார்கள். இரண்டு பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். ஒருவர் 'ஏ2பி' என்று எழுதினார். அப்படி ஒரு ரத்த வகை உண்டுதான். ஆனாலும் அவர் எழுதியது ரத்தமா, வழியில் எந்த ஓட்டலில் சாப்பிடலாம் என்ற யோசனையா என்பது கடைசிவரை விளங்கவில்லை. அண்ணன் இரண்டுக்கும் ஏற்பாடு செய்துகொண்டார்.

கரடி எதிரே வந்தால், இடி விழுந்தால், வழி தவறினால் என்ன செய்வது என்று தாளில் எழுதியிருக்கிறது. ஆள் குறைந்தால் என்ன செய்வது என்று மட்டும் இல்லை. அண்ணனும் யோசிக்காதவர் இல்லை. கல்யாணம் காதுகுத்து என்று யாரும் நழுவிவிடக் கூடாதென்று முகூர்த்தமே இல்லாத மார்கழியாகப் பார்த்துத்தான் தேதி வைத்திருந்தார். மார்கழிக்கென்றே சில காரணங்கள் இருக்கின்றன. "மாலை போட்டிருக்கேன் அண்ணே" என்றார் ஒருவர். ஐயப்பனோடு அண்ணன் போட்டி போட முடியுமா? இன்னொருவர் வீட்டில் சபா கச்சேரிக்கு டிக்கெட் வாங்கிவிட்டார்கள். மூன்றாமவர் "கன்ஃபர்ம் அண்ணே, வீட்ல மட்டும் ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். நாலாமவர் ஆரம்பத்தில் இருந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "டாய்லெட் வெஸ்டர்னா?" பதில் வந்ததும் குழுவை விட்டு வெளியேறினார். பதினொன்று ஏழாயிற்று. விசில் மட்டும் பதினொன்றாகவே இருந்தது.

ஆள் குறைந்தால் அண்ணன் தளர மாட்டார். பொருளைக் கூட்டுவார். புதிதாக வாங்கிய கூடாரத்தை மொட்டை மாடியில் ஒத்திகை பார்த்தார். 'மூன்று பேருக்கு' என்று உறையில் அச்சடித்திருந்தது. அந்த மூன்று பேரும் மெலிந்தவர்களாக, பை இல்லாதவர்களாக, ராத்திரி முழுக்கப் புரண்டு படுக்காதவர்களாக இருக்க வேண்டும் என்பது உள்ளே நுழைந்த பிறகு தெரிந்தது. துணிக்குத் தண்ணீர் தாங்கும் திறன் 2,000 மி.மீ. என்று அண்ணன் பெருமையாகச் சொன்னார். உதவிக்கு வந்த தம்பி கேட்டான்: "அண்ணே, சென்னையில வருஷம் பூரா பெய்யறதே 1,400 மி.மீ. தானே? ஒரு ராத்திரிக்கு எதுக்கு இவ்வளவு?" அது மழை அளவு இல்லையடா, இரண்டு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்று அழுத்தினாலும் துணி ஒழுகாது என்று அர்த்தம் என விளக்கி, நம்பாதவனுக்காக மாடிக் குழாயில் ஹோஸ் போட்டுப் பீய்ச்சியும் காட்டினார். கூடாரம் ஒழுகவில்லை. கீழ் வீட்டுக் கூரை ஒழுகியது. சங்கச் செயலாளர் மேலே வந்து, "மாடியில யார் குடி வந்திருக்கிறது?" என்று கேட்டார். அவசரமாகக் கூடாரத்தை மடித்து உறையில் போட முயன்றார்கள். பிழிந்த முறுக்கைத் திரும்ப அச்சுக்குள் ஏற்றுகிற வேலை அது. மீதிப் பயணம் முழுக்க அந்தக் கூடாரம் ஒரு போர்வைக்குள் சுற்றித்தான் வந்தது.

குக்கர் வந்த கதைக்கு அறிவியல் பின்னணி உண்டு. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரமே கொதிக்கும். எட்டாயிரம் அடியில் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கும், ஆனால் அந்தச் சூட்டில் பருப்பு லேசில் வேகாது. ஆகவே மூன்று லிட்டர் குக்கர், அதற்கு உதிரி கேஸ்கட், உதிரி வெயிட். "சட்டியில வச்சா சாம்பார் ஆகறதுக்குள்ள விடிஞ்சிடும் தம்பி" என்றார். மலை உச்சியில் ஏன் சாம்பார் என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டில் அவர் அம்மாவுக்கு எக்செல் தெரியாது. கிளம்பும் நேரத்தில் மஞ்சள் பையை நீட்டினார். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, வாழையிலையில் கட்டிய புளியோதரை, ஒரு பவானி ஜமுக்காளம். "ஸ்லீப்பிங் பேக் இருக்கும்மா, அஞ்சு டிகிரி குளிர் வரைக்கும் தாங்கும்." "தாங்கட்டும்ப்பா. கீழ விரிக்க ஒண்ணு வேணும்ல?" தாளில் இடம்பெறாமல் ஊரைத் தாண்டிய பொருள்கள் இவை மட்டும்தான். பயணம் முடியும்வரை எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கியவையும் இவைதான்.

அண்ணனைக் கிண்டல் செய்கிறவர்கள் வாயை மூடிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. குழுவில் யாராவது "நைட்டு காட்டுக்குள்ள நடந்து போயி நெருப்பு மூட்டுவோம்" என்று எழுதினால் அவர் பதில் எழுத மாட்டார். போன் செய்வார். 2018 மார்ச்சில் இதே மலையின் குரங்கணிப் பக்கம் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு மாநில அரசு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளைக் குறித்து, ஆன்லைனில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகும் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டமும் வந்தது. "புல்லு காஞ்ச மாசத்துல அந்தப் பக்கமே வேண்டாம். அனுமதி இல்லாத பாதையில ஒரு அடி வேண்டாம். நெருப்பு, கேம்ப்காரர் மூட்டுற இடத்துல மட்டும்." அப்போது அவர் குரல் வேறாக இருக்கும். யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

ஒருவழியாக ரயில், வேன், ஜீப் எல்லாம் மாறி, எலும்புகளை எண்ணிக்கொண்டு மேலே போய் இறங்கினால், கேம்ப்காரர் வரிசையாகக் கூடாரங்களை அடித்து, மெத்தை போட்டு, வெந்நீரும் வைத்துக் காத்திருந்தார். ராத்திரிக்குப் பரோட்டா, கோழிக் குழம்பு. கட்டணத்தில் எல்லாம் சேர்த்தி. அண்ணனுக்கு இது முன்பே தெரியும். பணம் கட்டியதே அவர்தான். "அது மெயின். நம்மளது பேக்கப்" என்றார். அடித்து வைத்த கூடாரத்துக்குப் பக்கத்தில் தன் கூடாரத்தை அடித்து, அதில் குக்கரைப் படுக்கவைத்தார்.

அன்றைக்கு அவர் பட்ட வேதனை கூட வந்தவர்களுக்குப் புரியவில்லை. மழை வரவில்லை. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. காற்று முளைக்குச்சியை ஆட்டக்கூட இல்லை. அட்டை கடித்தால் போடுவதற்கென்று ஒரு கிலோ கல்லுப்பு கொண்டுவந்திருந்தார். மார்கழிப் பனியில் அட்டையைக் காணோம். சமையல்காரர் எட்டிப் பார்த்து, "சார், ஆம்லெட்டுக்கு உப்புத் தீந்துருச்சு, கொஞ்சம் இருக்குமா?" என்றார். அண்ணன் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தார், போருக்குத் தீட்டிய வாளால் வெங்காயம் நறுக்கச் சொன்ன முகத்தோடு.

ராத்திரி எல்லாரும் தூங்கிவிட்டார்கள். அண்ணன் தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு சுற்றி வந்தார். கயிறுகளை இழுத்துப் பார்த்தார். ஆட்களை எண்ணினார். ஏழு. மறுபடி எண்ணினார். நப்பூதனாரின் முல்லைப்பாட்டிலும் ஒரு பாசறை வருகிறது. காட்டை வெட்டி, முள்வேலி கட்டி, கயிறிழுத்துக் கூடாரம் அடித்திருப்பார்கள். கன்னலில் நீர் பார்த்து நாழிகை சொல்ல ஆள் உண்டு. காவலுக்கு யவனர்கள் உண்டு. இத்தனை ஏற்பாட்டுக்கும் நடுவில் அரசன் மட்டும் தூங்க மாட்டான். புண்பட்ட யானைகளையும் மாண்ட வீரர்களையும் நினைத்துக்கொண்டிருப்பான். படை நடத்துகிறவனுக்குத் தூக்கம் இல்லை என்பது இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம். அண்ணன் நினைத்துக்கொண்டிருந்தது, ஜீப் வாடகையில் தன் பங்கைத் தராத இரண்டு பேரை.

பலமுறை அவரோடு போய்ப் பழகியவர்களுக்கு ஒரு மரியாதை தெரியும். விடிந்து, மேகக் கடலுக்கு மேல் சூரியன் வந்து, எல்லாரும் படமெடுத்து முடித்த பின்பு, அண்ணன் திறக்காத மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்போது ஒருவர் மெதுவாக ஆரம்பிக்க வேண்டும்: "அண்ணே, லேசாத் தலை வலிக்கிற மாதிரி இருக்கு."

அண்ணன் நிமிர்வார். "எந்தப் பக்கம்? எப்போ இருந்து? தண்ணி குடிச்சியா?" தெர்மாமீட்டர் வெளியே வரும். அடுத்தவர் கணுக்காலைத் தடவிக்கொள்வார். கிரேப் பேண்டேஜ் பிரியும். மூன்றாமவர் தொண்டை கரகரப்பு என்பார். கால் மணி நேரத்தில் மலை உச்சியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி நடந்துகொண்டிருக்கும், அண்ணன் அதன் டீனாக. இறங்கும்போது ஜீப்பில் அவர் சீட்டியடித்துக்கொண்டு வருவார்.

ஆகவே, ஏற்பாட்டு அண்ணனோடு மலைக்குப் போகிறவர்கள் எதையும் எடுத்துப்போக வேண்டாம். எல்லாம் அவரிடம் இருக்கும், இரண்டிரண்டாக. ஒரு சின்ன வயிற்றுவலியை மட்டும் கையோடு கொண்டுபோங்கள். மருந்து, மாற்று மருந்து, மாற்றுக்கு மாற்று எல்லாம் தாளில் இருக்கிறது. நோயாளிக்குத்தான் இன்னும் ஏற்பாடு இல்லை.