குளிர் வேண்டாத பயணி

ஏற்காட்டுக்குப் போகும் வண்டியில் குளிரே வேண்டாத பயணி எஞ்சின் ஒன்றுதான். அதற்கு 80 முதல் 95 டிகிரி வரை சூடு இருந்தால்தான் சரிப்படும். இதை என் சித்தப்பாவிடம் சொல்ல முடியாது. அவருடைய பழைய அம்பாசடரில் முள் நடுவுக்கு வந்தாலே "கொதிக்குது, நிறுத்து!" என்பார்.

அந்த வண்டியில் தெர்மோஸ்டாட் கிடையாது. போதிய சூடு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் பிடித்துவைக்கிற வால்வு அது. வண்டி கொதித்தால் முதல் வேலையாக அதைக் கழற்றிப் போட்டுவிடுவது நம் பக்கத்து வைத்தியம். அப்புறம் காலையில் எஞ்சின் சூடேறுவதற்குள் பாதி சேலம் போய்விடும். பெட்ரோலும் கூடப் போகும், தேய்மானமும் அதிகம். சித்தப்பாவுக்கு இதெல்லாம் பொருட்டில்லை, முள் கீழே இருக்கிறதல்லவா!

அடிவாரம் வரை கவலையில்லை, எதிர்க்காற்று பார்த்துக்கொள்ளும். அதற்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும் அவருக்கு. சூட்டோடு திறந்தால் முகம் வெந்துபோகும் என்று சித்தி கத்துவார். சித்தப்பா துண்டைச் சுற்றிக்கொண்டு திறப்பார். இதுவரை முகம் தப்பியதற்குக் காரணம் துண்டு அல்ல, நைந்துபோன மூடி. ஒழுங்கான 7 பவுண்டு மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி, தண்ணீரின் கொதிநிலையைப் பத்து டிகிரிக்கு மேல் உயர்த்தும். இது எதையும் தேக்குவதில்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆக, இந்த மூடியோடு மேலே போனால் எஞ்சினுக்கு வழக்கமான சூடே கொதிக்கிற சூடு.

மூடியை மாற்றச் சொன்னேன். "தண்ணி கேன் நாலு இருக்குடா" என்றார்.

ஏற்றத்தில் இன்னொரு வழக்கு. மூன்றாம் கியரில் திணறியபடியே ஏற வேண்டும், இரண்டாம் கியர் போட்டால் எஞ்சின் அலறிச் சூடாகிவிடும் என்பது அவர் கட்சி. அம்பாசடரில் ஃபேனும் வாட்டர் பம்ப்பும் எஞ்சினோடு பெல்ட்டில் சுற்றுபவை. எஞ்சின் திணறினால் அவையும் சோம்பிவிடும். அவர் வெளியே பார்த்த நேரத்தில் இரண்டாவதைப் போட்டேன். கொஞ்ச தூரத்தில் முள் இறங்கியது.

சித்தப்பா கவனித்துவிட்டார். "பார்த்தியா, காபித் தோட்டத்துக் காத்து பட்டதும் தானா இறங்கிடுச்சு. இப்ப மூணாவது போடு."