சரித்திரப் பிரியருக்கு ஒரு வெகுமதி

சங்கீத ரசிகருக்கு ஒரு கச்சேரிச் சீட்டையும், போஜனப் பிரியருக்கு ஒரு டப்பா திருநெல்வேலி அல்வாவையும் வாங்கிக் கொடுத்து ஆசீர்வாதம் பெறுவது சுலபம். அரசியல் சரித்திரத்தில் பித்துக் கொண்டுவிட்ட பெரியவருக்கு வெகுமதி கொடுத்து நல்ல பெயர் வாங்கியவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. அவருக்குப் பொன்னாடையும் பேனாவும் வேண்டாம், புஸ்தகந்தான் வேண்டும். அந்தப் புஸ்தகமோ அவரிடம் ஏற்கெனவே இருக்கும். இல்லாவிட்டால், அதன் ஆசிரியர் அவருக்கு ஆகாதவராக இருப்பார்.

கையில் கொடுத்த நூலை அவர் எல்லோரையும்போல முன்பக்கத்திலிருந்து திறப்பதில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நேரே கடைசிப் பக்கங்களுக்குப் போய், பெயர் அட்டவணை இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் அந்தக் கணமே நூல் தள்ளுபடி. இருந்தால், 'சூரத்' என்ற இடத்தில் விரலை வைத்து, 1907ஆம் வருஷத்துக் காங்கிரஸ் மகாசபையில் மேடையை நோக்கிப் பறந்து வந்த செருப்பு, சுரேந்திரநாத் பானர்ஜியின் கன்னத்தைப் பதம் பார்த்துவிட்டு பிரோஸ்ஷா மேத்தாவின்மேல் போய் விழுந்த விருத்தாந்தத்தை ஆசிரியர் எத்தனை வரியில் சொல்லியிருக்கிறார் என்று எண்ணுவார். மிதவாதிகளும் தீவிரவாதிகளும் பிரிந்த காரணங்களை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடும் அவருக்கு, அந்தச் செருப்பு மராட்டியத் தினுசுதான் என்று ஸ்தாபிப்பதற்கு மட்டும் அரைமணி நேரமாவது வேண்டும். அப்போது அவர் பிறந்திருக்கவே இல்லை என்ற அற்ப விஷயத்தை வீட்டில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

அவருடைய சஷ்டியப்தபூர்த்திக்கு வந்த பந்துக்கள், ஒருவரையொருவர் கலந்துகொள்ளாத காரணத்தால், ஜவாஹர்லால் நேருவின் 'டிஸ்கவரி ஆஃப் இந்தியா'வை நான்கு பிரதிகள் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். "அகமத்நகர்க் கோட்டைச் சிறையில் உட்கார்ந்துகொண்டு அந்த மனுஷன் ஐந்தே மாதத்தில் இதை எழுதி முடித்தார், இவர்களுக்கு ஒரு கார்டு போட்டு விசாரிக்க ஐந்து நிமிஷம் கிடைக்கவில்லையே!" என்று அவர் மனைவியிடம் அங்கலாய்த்தார். அந்த அம்மாளோ, வெள்ளிக் கிண்ணம் வந்திருக்கவேண்டிய இடத்தில் புஸ்தகம் வந்த துக்கத்தில் இருந்தார். நான்கில் ஒன்றாவது கல்கத்தா ஸிக்னெட் பிரஸ்ஸின் 1946ஆம் வருஷத்து முதல் பதிப்பாக இருந்திருந்தால் மனஸ்தாபம் இவ்வளவு முற்றியிராது.

அவருடைய பொறுமைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. மௌலானா ஆஸாத்தின் சுயசரிதை 1959இல் வெளிவந்தபோது, அதில் முப்பது பக்கங்களை மட்டும் நிறுத்தி, ஆசிரியர் காலமாகி முப்பது வருஷம் கழிந்த பிறகே பிரிக்கவேண்டுமென்று முத்திரையிட்டு வைத்திருந்தார்கள் அல்லவா? அன்று முதல் அந்தப் பக்கங்களில் என்ன இருக்கும் என்பதைத் திண்ணையில் உட்கார்ந்து அவர் விஸ்தாரமாகச் சொல்லிவந்தார். 1988இல் முழு நூலும் வெளிவந்து, மாப்பிள்ளை அதை வாங்கிக்கொண்டு வந்து நமஸ்காரம் செய்தார். இரவெல்லாம் படித்துவிட்டுக் காலையில் கிழவர் கேட்டது: "இவ்வளவுதானா? இதைவிட அதிகமாக நானே சொல்லியிருந்தேனே!"

அவரை நிஜமாகவே ஆனந்தத்தில் ஆழ்த்திய வெகுமதி ஒன்று உண்டு. 1939இல் நடந்த காங்கிரஸ் தலைவர் தேர்தலில் சுபாஷ் சந்திர போஸுக்கு 1580 வாக்கு, பட்டாபி சீதாராமய்யாவுக்கு 1377 என்பது அவர் பஞ்சாக்ஷரம்போல் ஜபித்துவரும் கணக்கு. எதிர்வீட்டுப் பையன் கொடுத்த நூலில் பின்னது 1375 என்று அச்சாகியிருந்தது. "இரண்டு ஓட்டு எங்கே போயிற்று, தம்பி?" என்று கேட்ட அவர் முகத்தில் பத்து வயது குறைந்துவிட்டது. பையனுக்கு இரண்டாம் தடவையும் காபி வந்தது. பிரசுரகர்த்தருக்கு எட்டுப் பக்கத்தில் கடிதம் போயிற்று. ஆகையால், வாங்குவதானால் பிழையுள்ள நூலாகப் பார்த்து வாங்குவதே சிலாக்கியம் என்பது என் அபிப்பிராயம். வெறும் அச்சுப்பிழை உதவாது. ஆளோ வருஷமோ வாக்கோ தவறியிருக்கவேண்டும்.

அவரே பிறருக்கு வெகுமதி கொடுக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. சென்ற தையில் நடந்த ஒரு விவாகத்தில், சமஸ்தானங்களை இந்தியாவோடு இணைத்த வரலாறாக வி. பி. மேனன் எழுதிய பருத்த நூலை மணப்பெண்ணின் கையில் வைத்து, "ஐந்நூற்றுக்கு மேற்பட்ட ராஜாக்களையே சேர்த்து வைத்துவிட்டார்கள், குழந்தை, நீங்கள் இரண்டு பேர்தானே!" என்று ஆசீர்வதித்தார். பிறகு வளைகாப்புக்கு வந்தவர், பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்து, "ஜுனாகட் முடிந்துவிட்டதா, ஹைதராபாத்துக்கு வந்துவிட்டீர்களா?" என்று கேட்டார். மாப்பிள்ளை பதில் சொல்லாமல் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.