தாரும் தார் சார்ந்த இடமும்

குறிஞ்சிக்கு மலை, முல்லைக்குக் காடு, மருதத்துக்கு வயல், நெய்தலுக்குக் கடல் என்று நிலத்தைப் பங்கு பிரித்த நம் இலக்கணப் புலவர்கள், பைக் பந்தயத்துக்கு ஒரு திணையும் ஒதுக்காமல் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஓடுதளம் திறக்கப்பட்டதே 1990இல்தான். விடுபட்டதை நிரப்புவது பின்வந்தோர் கடன் என்பதால் இக்கட்டுரையாளர் துணிந்தார். இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுபவர் பந்தய வீரர் அல்லர். அவரைப் பாடுவதற்கு ஒலிபெருக்கியில் ஆள் இருக்கிறார். முதன்முறையாகப் பந்தயம் பார்க்கப் போய், காலரியில் எந்தப் பக்கம் திரும்பி உட்காருவது என்று தெரியாமல் நிற்கிறாரே, அவர்தான் நம் பாட்டுடைத் தலைவர்.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். நிலம், தாரும் தார் சார்ந்த இடமும் என்க. சென்னைக்கு இது பழைய சொத்து. செங்குன்றத்துக்கு அப்பால் சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. அறுபதைத் தாண்டிய சென்னைவாசி யாரிடமாவது 'சோழவரம் ரேஸ்' என்று சொல்லிப் பாருங்கள். உடனே நாற்காலியை உங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வார். அதன்பின் எழுந்து தப்புவது எளிதன்று. பிற்பாடு கிளப் தனக்கென்று அமைத்துக்கொண்டதுதான் இருங்காட்டுக்கோட்டை ஓடுதளம். ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், வளைவுகள் 12. ஊர்ப் பெயரிலேயே காடு இருப்பதால் இது முல்லை நிலமே என்று ஒரு சாரார் வாதிடக்கூடும். அவ்வாதம் நில்லாது. என்னை? போய்ப் பார்த்தால் ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கிறது.

பொழுது நண்பகல். இதில் கருத்து வேற்றுமை இல்லை. காலையில் நடப்பவை பயிற்சி ஓட்டங்கள் என்பதால் அவற்றைத் தவறவிட்டால் பரவாயில்லை என்று எண்ணித் தாமதமாகக் கிளம்பும் நம் தலைவர், வெயில் உச்சிக்கு வரும் நேரத்துக்குச் சரியாக வந்து சேர்கிறார். நண்பகலும் வெம்மையும் பாலைக்கு உரியவை. இதற்கு வடநாட்டுச் சான்றும் உண்டு. 2023 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவில், இந்தியாவில் முதன்முறையாக மோட்டோஜிபி உலகப் பந்தயம் நடந்தது. வெக்கைக்குப் பயந்து 24 சுற்றை 21 ஆகக் குறைத்தார்கள். வென்றவர் இத்தாலியின் மார்கோ பெஸ்ஸெக்கி. இரண்டாவதாக வந்த ஸ்பெயின்காரர் ஹோர்ஹே மார்டினுக்குக் கடைசிக் கட்டத்தில் தோலாடையின் ஜிப் திறந்துகொண்டது. பறக்கிற வண்டியில் ஒரு கையால் அதை இழுத்து மூடினார். பந்தயம் முடிந்ததும் வெப்பத்தில் சுருண்டுவிட்டார். ஓட்டுகிறவர்களுக்காவது மூன்று சுற்று தள்ளுபடி கிடைத்தது. காலரியில் உட்கார்ந்திருப்பவருக்கு எந்தப் பந்தயத்திலும் தள்ளுபடி கிடையாது.

கருப்பொருளை நீட்ட வேண்டியதில்லை. தெய்வம், வண்டிகளைத் தயார் செய்யும் பிட்டில் மாலையிட்டு மாட்டியிருக்கும் படம். உணா, பிரியாணிப் பொட்டலம். பறை, எஞ்சின். விலங்கு, நாய். நாயை ஏன் சேர்த்தீர் என்று கேட்பாருக்கு விடை: 2011இல் அதே நொய்டா ஓடுதளத்தில் ஃபார்முலா ஒன் கார்களின் முதல் பயிற்சி ஓட்டத்தையே ஒரு தெருநாய் உள்ளே புகுந்து நிறுத்தி வைத்தது. உலகத்தின் விலையுயர்ந்த கார்கள் எல்லாம் அதற்காகக் காத்திருந்தன. அதனிடம் பாஸ் கேட்டதாகத் தகவல் இல்லை.

இனி உரிப்பொருள். இக்கட்டுரையின் உயிர்நிலை இதுவே. பந்தயம் பார்க்கப் போகிறவரின் உரிப்பொருள் யாது? 'வேகம்' என்பார் போகாதார். போய் வந்தார் அவ்வாறு கூறார்.

கணக்காகவே பார்த்துவிடுவோம். பந்தய பைக் ஒன்று நேர்சாலையில் மணிக்கு 144 கிலோமீட்டரில் வருகிறது என்று கொள்க. விநாடிக்கு 40 மீட்டர் ஆகிறது. காலரியிலிருந்து 400 மீட்டர் சாலை கண்ணுக்குத் தெரிகிறது என்று தாராளமாகவே கொள்க. ஆக, சுற்றுக்குப் பத்து விநாடி தரிசனம். ஒரு சுற்றை முடிக்க இரண்டு நிமிடம் என்றும், பந்தயம் எட்டுச் சுற்று என்றும் வைத்துக்கொண்டால், பதினாறு நிமிடப் பந்தயத்தில் நம் தலைவர் பார்ப்பது எண்பது விநாடி. மீதி பதினான்கு நிமிடம் நாற்பது விநாடியும் அவர் பார்ப்பது வெறும் சாலையை. அதைச் சென்னையில் இலவசமாகவே பார்க்கலாம், பள்ளத்தோடு.

வண்டி இன்னும் வேகமாக இருந்தால் காட்சி கூடும் என்று சிலர் நம்புகிறார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. 2023இல் இத்தாலியின் முஜெல்லோ ஓடுதளத்தில் தென்னாப்பிரிக்கர் பிராட் பைண்டர் மணிக்கு 366.1 கிலோமீட்டரைத் தொட்டார். விநாடிக்கு நூறு மீட்டருக்கும் மேல். நாம் கொண்ட அதே 400 மீட்டர் நான்கு விநாடிக்குள் தீர்ந்துவிடும். டிக்கெட் விலை ஏற ஏறப் பார்ப்பது குறையும் என்ற விதி இதனால் பெறப்பட்டது. இதே விதியின்படி, வண்டி தள்ளிக்கொண்டு போகும் பந்தயம் ஒன்றை நடத்தினால் கொடுத்த காசுக்குப் பழுதில்லாமல் பார்க்கலாம். யாரும் நடத்துவதாகத் தெரியவில்லை.

எனவே உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். அது முல்லைக்கு உரியது. வீரர் பொருள்வயின் பிரிந்து பன்னிரண்டு வளைவையும் கடந்து மீண்டு வரும் வரை, தலைவர் கழுத்தை நீட்டி வழிபார்த்து இருக்கிறார். பிரிதல் பாலையின் உரிப்பொருள் ஆகையால் இதுவும் பாலையே எனின், அற்றன்று. பிரிவது வீரர் தொழில். டிக்கெட் வாங்கியவர் தொழில் இருத்தல் மட்டுமே. பொழுது பாலையாக இருக்க, உரிப்பொருள் முல்லையாக வருவது திணை மயக்கம். உரிப்பொருள் தவிர மற்றவை மயங்கலாம் என்று இலக்கணமே இடம் கொடுத்திருப்பதால் இங்கே வழக்கு ஒன்றும் இல்லை.

இருத்தலின்போது வேலை செய்வது செவி. வண்டி வருவதற்கு முன் அதன் ஓசை வருகிறது. நெருங்கும்போது கீச்சென்று உயர்ந்து, கடந்ததும் சட்டென்று தாழ்கிறது. ஆஸ்திரியாவின் டாப்ளர் 1842இல் சொன்ன விளைவு இது. 1845இல் ஹாலந்தில் பைஸ் பாலட் என்ற விஞ்ஞானி, எக்காளக்காரர்களை ரயிலில் ஏற்றி ஒரே சுரத்தை ஊதச் சொல்லி, தண்டவாளத்தின் ஓரத்தில் இசையறிந்த காதுகளை நிறுத்தி இதைச் சோதித்தார். ஊதியவர்கள் என்ன நினைத்துக்கொண்டு ஊதினார்கள் என்பது ஒருபுறம் இருக்க, இன்று அச்சோதனையை இருபது வீரர்கள் நடத்திக் காட்டுகிறார்கள். இரண்டு மூன்று சுற்றுக்குள் நம் தலைவர் ஓசையை வைத்தே யார் கியரைச் சீக்கிரம் குறைத்தார், யார் தாமதமாகக் குறைத்தார் என்று கண்டுபிடிக்கத் தொடங்கிவிடுவார். அவர் கண்டுபிடிப்பது பெரும்பாலும் தப்பு. திருத்துவதற்குத்தான் பாங்கன் இருக்கிறார்.

பாங்கன் என்பார் பக்கத்து இருக்கைக்காரர். காலரி தோறும் ஒருவர் உண்டு. அவரிடம் குடை, பைனாகுலர், தண்ணீர், அபிப்பிராயம் நான்கும் இருக்கும். அவரோடு தலைவர் நிகழ்த்தும் உரையாடல் பெரும்பாலும் இவ்வாறு அமையும்:

"அண்ணா, அந்தச் செவப்பு வண்டி சூப்பரா முன்னாடி போகுதுண்ணா!"

"அவன் முன்னாடி போகல தம்பி. ஒரு ரவுண்டு கம்மி. நீலக் கொடி காட்டறாங்க பாரு, வழி விடுன்னு."

இச்செய்தி முதன்முறை வந்தவரை நிலைகுலையச் செய்வது. கடைசி ஆளுக்கு இவ்வளவு நேரம் கைதட்டியிருக்கிறார். நீலம் என்றால் பின்னால் வேகமானவர் வருகிறார். மஞ்சள் என்றால் ஆபத்து, முந்தாதே. மஞ்சளில் சிவப்புப் பட்டை என்றால் தரை வழுக்கும். சிவப்பு என்றால் நிறுத்து. வேறு கொடிகளும் உண்டு, அவற்றைப் பாங்கரே விளக்குவார், கேட்காமலேயே.

அடுத்த குழப்பம் பெயர்களால் வருவது. தேசியச் சாம்பியன் பட்டங்கள் வென்ற சென்னை வீரர் ஒருவர் ரஜினி கிருஷ்ணன். 2011இல் 125 சிசி உலகப் போட்டியில் ஓட்டிய சென்னைக்காரர் சரத்குமார். நடிகர் அஜித் குமாரோ நிஜமாகவே பைக்கும் காரும் ஓட்டிப் பந்தயத்தில் கலந்துகொண்டவர். சோழவரக் காலத்திலிருந்து வரும் பாங்கர் "ரஜினிய சரத்குமார் பிரேக்கிங்ல தூக்கிட்டான், அந்த வருஷம் அஜித்தும் வந்திருந்தாரு" என்று பழங்கதை தொடங்கினால், முன்வரிசையில் இருப்பவர் எந்தப் படம் என்று திரும்பிக் கேட்பது இயல்பே. கேட்டவரைக் கடிந்துகொள்ளலாகாது.

இனி அறிஞர் உலகில் தீராத ஒரு சிக்கல். அதைத் தொங்குகால் வாதம் எனலாம். வளைவை நெருங்கி பிரேக் பிடிக்கும்போது, வீரர் உள்பக்கக் காலை ஃபுட்பெக்கிலிருந்து எடுத்துக் காற்றில் தொங்கவிடுகிறார். வாலண்டினோ ரோஸ்ஸி 2005ஐ ஒட்டிப் பரப்பிய பழக்கம் இது; பிறகு உலகமே தொங்கவிட்டது. ஏன்? காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்க என்பர் ஒரு சாரார். எடையை உள்பக்கம் இறக்க என்பர் இன்னொரு சாரார். முந்த வருகிறவனை மிரட்ட என்பாரும் உளர். ஒருவர் சொன்னதை மற்றவர் ஒப்புக்கொண்டதில்லை. பஸ் நிற்பதற்கு முன்பே ஒரு காலைப் படியில் இறக்கி வைத்துக்கொள்ளும் நம் கண்டக்டர்களிடம் யாரும் விளக்கம் கேட்டதில்லை என்பதை இக்கட்டுரையாளர் இங்கே பதிவு செய்கிறார். சௌகரியமாக இருக்கிறது, செய்கிறார்கள்.

முட்டி தேய்ப்பது வேறு. அதற்குத் தெளிவான பயன் உண்டு: வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று முட்டி தரையைத் தொட்டுச் சொல்கிறது. 1978 முதல் 1980 வரை மூன்று முறை 500 சிசி உலகச் சாம்பியனான அமெரிக்கர் கென்னி ராபர்ட்ஸ் இப்பாணி பரவப் பெருங்காரணம். இப்போது மோட்டோஜிபியில் அறுபது டிகிரிக்கு மேல் சாய்ந்து முழங்கையையே தேய்க்கிறார்கள். இதையெல்லாம் நேர்சாலையில் உட்கார்ந்து பார்க்க முடியாது. அங்கே வண்டி வரும், போகும். ஆட்டம் நடப்பது வளைவு வாயில். யார் கடைசியாக பிரேக்கைத் தொடுகிறான் என்பதில்தான் இடம் மாறுகிறது. ஒருவர் கொஞ்சம் தாமதித்து உள்ளே நுழைகிறார், வெளியே அகன்று போகிறார், பறிகொடுத்தவர் குறுக்கே வெட்டி இடத்தைத் திரும்ப வாங்குகிறார். மூன்று விநாடியில் இவ்வளவும் முடிந்துவிடும். அதைக் கண்ணால் பார்த்தவர் அடுத்த இரண்டு நிமிடம் காத்திருக்கச் சலிப்பதில்லை.

யாராவது விழுந்தால் முதன்முறை வந்தவர் "அய்யோ!" என்று எழுந்து நிற்பார். பாங்கர் உட்கார்ந்தபடியே "வண்டி ஸ்டார்ட் ஆவுதா பாரு" என்பார். விழுந்தவரும் சரளையிலிருந்து எழுந்ததும் பார்ப்பது வண்டியைத்தான். இங்கே பாங்கரும் வீரரும் ஒரே கட்சி.

பின்விளைவு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாலையில் பூந்தமல்லி வழியாக வீடு திரும்பும்போது, தலைவரின் சொந்த வண்டி நூறு சிசிதான் என்பது அவருக்கு மறந்துபோகிறது. சிக்னலில் முதல் வரிசை கேட்கிறார். வளைவில் முட்டி தானாக வெளியே வருகிறது. அங்கே சரளைப் பரப்பு கிடையாது, கொடி காட்ட மார்ஷல் கிடையாது, தோலாடைக்குப் பதில் பாலியெஸ்டர் சட்டை. எதிரே வருவது தண்ணீர் லாரி. ஆகவே போகும்போது வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் போங்கள். நேர்சாலைக் காலரியை விட்டுவிட்டு, பிரேக் பிடிக்கும் வளைவு எது என்று விசாரித்து அங்கே இடம் பிடியுங்கள். காதுக்குப் பஞ்சும் தலைக்குத் தொப்பியும் நீங்களே கொண்டுபோக வேண்டும். பாங்கர் குடையில் ஒருவருக்குத்தான் இடம் உண்டு.