நூற்றுக்கு நூறு திருப்தி

பொன்முடி உச்சியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டன் சாயாவுக்குக் கூடும் கூட்டத்தில் புல்லட் அண்ணனைக் கண்டுபிடிப்பது எளிது. கல்லாறு தாண்டி 22 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிவந்தவர்கள் எல்லாரும் மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் மட்டும் தம் புல்லட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெரும்பாலும் நாகர்கோவில்காரர். திருவனந்தபுரம், நெடுமங்காடு, விதுரா வழியாக வந்திருப்பார். சுமார் 1,100 மீட்டர் உயரம் ஏறியது வண்டிதான், தாம் சும்மா கூட வந்ததாகத்தான் பேச்சு.

"வண்டி எப்படிண்ணே?" என்று யாராவது கேட்டுவிட வேண்டும்.

"ஒரு குறை சொல்லதுக்கு இல்ல மக்கா. நூத்துக்கு நூறு!" ஒரு மடக்கு சாயா உள்ளே போகும். "ஆனா கேட்டியா, சீட்டு இன்னும் கொஞ்சம் மெத்துன்னு இருந்தா கொள்ளாம்."

அடுத்த மடக்குக்கு ஹெட்லைட். இந்தப் பனியில் அது முன்சக்கரத்தைத் தாண்டிப் போவதில்லையாம். பிறகு ஹார்ன்; வளைவில் எதிரே வரும் பஸ்காரருக்கு அது கேட்பதே இல்லையாம். பிறகு கிளட்ச், இடது கை வலி, வலி வந்த வருஷம். பழம்பொரி வருவதற்குள் எஞ்சினைத் தொட்டிருப்பார். அவர் சொன்னதையெல்லாம் மாற்றினால் பழையபடி மிஞ்சுவது டாங்கில் எழுதியிருக்கும் பெயர் ஒன்றுதான்.

இந்திய ராணுவம் எல்லை ரோந்துக்கு 350 சிசி புல்லட் கேட்டதால்தான் 1955ல் இந்த வண்டி சென்னையில் காலூன்றியது. அந்தச் சிப்பாய்களிடம் சீட்டு எப்படி என்று எவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

இந்தக் குறைகளுக்குப் புல்லட் கம்பெனி காது கொடுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. வலது காலில் இருந்த கியர் இடது காலுக்கு வந்தது. உதைத்து உதைத்துக் கெண்டைக்கால் வீங்கியவர்களுக்குச் செல்ஃப் ஸ்டார்ட் வந்தது. 2021ல் வந்த புது கிளாசிக்கில் பேலன்சர் ஷாஃப்ட் வைத்து நடுக்கத்தையும் குறைத்தார்கள். அண்ணன் அதை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். இறங்கி நின்று முகத்தைச் சுளித்தார். "இது ஒரு வண்டியா? ஓடுதா நிக்குதான்னே தெரியல்ல!" காலமெல்லாம் 'இந்த ஆட்டம் மட்டும் இல்லேன்னா' என்று பெருமூச்சு விட்டவர் அவர்தான். குறை தீர்ந்த வண்டியை வைத்துக்கொண்டு சாயாக்கடையில் என்ன பேசுவது?

சைலன்சர் பேச்சை மட்டும் களியக்காவிளை எல்லையைத் தாண்டினால் எடுக்கமாட்டார். வண்டியைத் தன்னிஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் கேரள அதிகாரிகள் நன்றாகப் படித்திருக்கிறார்கள். அவருக்கும் அது மனப்பாடம்.

அவரோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "இவ்வளவு குறை இருந்தா வித்துரலாமேண்ணே" என்று வாய்தவறியும் சொல்லிவிடாதீர்கள். இறங்கும்போதும் அதே 22 வளைவுதான். பின்சீட்டில் இருப்பது நீங்கள்.