அடுத்த வீட்டு மருந்துச்சீட்டு

கணினித் தொழிலில் நீண்டகால எதிர்காலம் என்பது, பெரும்பாலும், போட்டியாளருக்கு இரங்கற்பா பாடும் தெம்பு ஒரு நிறுவனத்திடம் மிஞ்சியிருக்கும் காலத்தையே குறிக்கிறது. 1997 அக்டோபரில், நட்டத்தில் தத்தளித்த ஆப்பிளை என்ன செய்யலாம் என்று கேட்கப்பட்டபோது, அதை இழுத்து மூடிப் பங்குதாரர்களிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று டெல் கணினி நிறுவனத்தின் நிறுவனர் மைக்கேல் டெல் அருளிய வைத்தியம், இடைத்தரகரின்றி வாங்குவோருக்கே நேரடியாக விற்று அவருடைய நிறுவனம் கொழித்த அந்நாட்களில் அறிவுடைமையாகவே தோன்றியது. (இரண்டு மாதங்களுக்கு முன்புதான், போட்டியாளரான மைக்ரோசாஃப்டிடமிருந்தே ஆப்பிள் 15 கோடி டாலர் முதலீட்டைப் பெற்றிருந்தது.) ஆயினும் 2006 ஜனவரியில் ஆப்பிளின் சந்தை மதிப்பு, அதாவது பங்கின் விலையைப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வரும் தொகை, டெல் நிறுவனத்தின் மதிப்பைத் தாண்டியது, 2013இல் மைக்கேல் டெல்லும் சில்வர் லேக் என்னும் முதலீட்டு நிறுவனமும் கூடி, ஏறத்தாழ 2,490 கோடி டாலர் மதிப்பில் டெல் நிறுவனத்தின் பங்குதாரர்களுக்கே பணத்தைக் கொடுத்து, அதைப் பங்குச்சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டதால், கடையை மூடும் பத்தியம் நீங்கலாக அந்த மருந்துச்சீட்டு எழுதியவருக்கே பயன்பட்டது. இடையில் மற்றொரு கணினி நிறுவனமான காம்பாக் 2002இல் ஹெச்.பி.யில் கரைந்தது, தனிநபர் கணினிக்கு இலக்கணம் வகுத்த ஐபிஎம், 2005இல் அத்தொழிலையே லெனோவாவுக்குக் கைமாற்றியது. பிழைத்துக்கொண்ட ஆப்பிளோ, 2007 ஜனவரியில் ஐபோனை அறிமுகப்படுத்திய கையோடு, தன் பெயரிலிருந்த ‘கம்ப்யூட்டர்’ என்னும் சொல்லை நீக்கிவிட்டது.